கண்ணை மூடிக் கேட்பவன்

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. காது மட்டும் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. நீங்கள் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. "பாவம், பெரியவருக்கு வயசாயிடுச்சு" என்று உங்களில் ஒருவர் சொன்னதும் கேட்டது. யார் என்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

விசாரணைக் குழு எழுதியதில் எனக்கும் ஒரு நகல் கொடுத்தீர்கள், நன்றி. மூன்று பேர் செத்துப்போன விஷயத்தை நிதானமாகவே எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் நடக்கும் இடம் மாறிவிட்டதை நான் ஊடகப் பொறுப்பாளரிடம் சொன்னேன், அவர் அறிக்கையில் மாற்ற மறந்துவிட்டார், தப்பான இடத்துக்குப் போன கூட்டம் சிக்கிக்கொண்டது, ஆகவே அவரைக் கட்சியை விட்டு நீக்கிக் காவல்துறையிடம் விவரம் கொடுக்கலாம். இதுதானே சாரம். இதில் எனக்கு ஒரே ஒரு வாக்கியத்தில்தான் ஆட்சேபம். 'அறிக்கையைக் கேட்டு ஒப்புதல் தரும் தோழர், வயதின் காரணமாகவும் களைப்பின் காரணமாகவும் பிழையைக் கவனிக்கத் தவறிவிட்டார். இனி அந்தப் பணிக்கு வேறொருவரை அமர்த்தலாம்.' அதைத் திருத்தத்தான் வந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். டீ வேண்டாம், தண்ணீர் போதும்.

உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், இருந்தாலும் வாக்குமூலம் என்றால் முதலிலிருந்து வர வேண்டும். நம் கட்சியில் எந்த அறிக்கையும் எழுதியவர் கையிலிருந்து நேரே வெளியே போகாது. எழுதியவர் உரக்க வாசிக்க வேண்டும், இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கண் ஒரு ஏமாளி. எதை எதிர்பார்க்கிறதோ அதையே படித்துவிட்டுப் போய்விடும். கட்சிக்குத் தடை இருந்த காலத்தில் வேலைநிறுத்தத் தேதி ஒன்று தப்பாக அச்சாகி, பாதிப் பேர் ஒருநாள் முன்னாலேயே தெருவுக்கு வந்து அடிபட்டார்கள். அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. வாசிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது, திருத்தம் எதுவானாலும் கடைசியில்தான். கேட்பவர் 'சரி' என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் தலைவரே வந்தாலும் ஓர் எழுத்தைத் தொட முடியாது. யாரும் மறுபடி சரிபார்க்கவும் மாட்டார்கள், அது கேட்டவரை அவமதிப்பது போல.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கையில் தழும்பேறிய தோழர்கள் உண்டு, சிறை போனவர்கள் உண்டு. எனக்கு அதெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு 'சரி'.

பழைய ஊடகப் பொறுப்பாளர் உடம்புக்கு முடியாமல் ஒதுங்கியபோது, அடுத்தது நீங்கதான் தோழர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் கண்ணாடிக்கூட்டை மட்டும் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன்.

அந்த வாரமே தலைவர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவர் என்னைவிட வெகுவாக இளையவர். கூட்டத்தில் தோழர் என்பார், தனியாக இருந்தால் அண்ணா என்பார்.

"அண்ணா, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். அந்த 'தூங்குகிறார்கள்' பலகை எழுதின பொண்ணு இருக்கில்ல, அத நம்ம ஊடகப் பொறுப்பாளரா போடப்போறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

போன போராட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. நகரப் பேருந்துகளைத் தனியாரிடம் விற்கக்கூடாது என்று ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வண்டியை நிறுத்தியபோது, வாங்க வந்த கம்பெனி ஊர் முழுக்கப் பெரிய பெரிய பலகை வைத்தது. 'பஸ் வரவில்லையா? தோழர்கள் தூங்குகிறார்கள்.' அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சின்னப் பிள்ளைகள்கூட நம் சிவப்புச் சட்டையைப் பார்த்தால் குறட்டை விட்டுக் காட்டின. போராட்டம் படுத்தது. பாதிப் பணிமனைகளை விற்றுவிட்டார்கள். எழுதியது ஒரு விளம்பர நிறுவனத்தில் சோப்புக்கும் பற்பசைக்கும் எழுதிக்கொண்டிருந்த பெண் என்று பிறகுதான் தெரிந்தது.

"நாம கட்டுக்கட்டா அறிக்கை விட்டோம்ண்ணா. யாரு படிச்சா? எழுதினவரு ஒருத்தர், உளவுத்துறைக்காரர் ஒருத்தர். அந்தப் பொண்ணு ஒரே வரி எழுதிச்சு, நம்மள முடிச்சிடுச்சு. அந்தக் கை இனிமே நமக்கு எழுதட்டும்."

"நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா?"

"குதிப்பாங்க. ஆனா நீங்க கேட்டு சரின்னு சொன்னா அடங்கிடுவாங்க. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க."

குதிக்கத்தான் குதித்தார்கள். இரண்டு மாவட்டச் செயலாளர்கள் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். அலுவலகத்துப் பலகையில் யாரோ சோப்புக்கட்டி படம் வரைந்து வைத்தார்கள். அன்றிலிருந்து அவருக்குச் 'சோப்பு' என்றே பெயர். செயற்குழுவில் மேசையைத் தட்டி உடைக்காத குறை. அவர் எழுந்து ஒன்றே ஒன்று சொன்னார். "எங்கப்பா பஸ் டிரைவர். அந்தப் போராட்டத்துல வேலை போச்சு. அந்த வரிய எழுதினது நான்னு தெரிஞ்சதுலருந்து அவர் என்கூடப் பேசுறதில்ல. அதனாலதான் வந்தேன்." அதற்கும் யாரோ நல்ல நடிப்பு என்றார்கள். அன்று அவரை ஆதரித்துப் பேசியது நான் ஒருவன்தான். குறிப்பேட்டில் இருக்கும், பாருங்கள்.

மறுநாள் அவர் என் கண்ணாடிக்கூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "இது உங்களோடதா தோழர்? மேசையில இருந்துச்சு," என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அவர் கெட்டிக்காரர். வேலைக்கு அஞ்சமாட்டார். நம் வாசிக்கும் வழக்கத்தைப் பார்த்து முதல்நாள் சிரித்தார். ஒரு வாரத்தில் அதன் அருமை அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடம் கொடுத்து வாசிப்பார். நான் திருத்தம் சொன்னால் முகம் சுளிக்கமாட்டார். "எங்க பழைய ஆபீஸ்ல உங்கள மாதிரி ஒருத்தர் இருந்திருந்தா அந்த வரி வெளியவே வந்திருக்காது தோழர்," என்று ஒருதரம் சொன்னார். பாராட்டுத்தான். தலைவர் அந்த மாதத்திலிருந்து தனியாக இருக்கும்போதும் என்னைத் தோழர் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார். அதைச் சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். இதில் பொறாமை எதுவும் இல்லை. வெளியிலிருந்து வந்தவரிடம் கட்சியின் வாயைக் கொடுப்பது ஆபத்து என்பது என் கருத்து. கருத்து வைத்திருக்க எனக்கு உரிமை உண்டு.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மிச்சமிருந்த பெரிய பணிமனையையும் கம்பெனிக்குக் கைமாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. காலையில் பணிமனையின் பின் வாசலில் எல்லோரும் கூடுவது என்று செயற்குழு முடிவெடுத்தது. சாயங்காலம் ஊடகப் பொறுப்பாளர் அறிக்கையோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். நான் கண்ணை மூடினேன்.

அது எப்படிப்பட்ட அறிக்கை என்று நீங்களே படித்திருக்கிறீர்கள். ஆனால் கேட்கவில்லை. 'நாங்கள் தூங்கவில்லை. உங்கள் கடைசிப் பேருந்து வீடு சேரும்வரை நாங்கள் ஒருநாளும் தூங்கியதில்லை.' தன் பழைய வரியைத் தானே எடுத்து, கழுவி, நம் கையில் கொடுத்திருந்தார். அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. பக்கத்து அறையில் நோட்டீஸ் கட்டு கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள், கயிற்றுச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. இத்தனை வருடம் கேட்டதில் இப்படி ஒன்று நான் கேட்டதில்லை, இப்படி ஒன்றை என்னால் எழுதியிருக்கவும் முடியாது. அது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கடுத்து, 'காலையில் பின் வாசலில் கூடுவோம்' என்று வாசித்தார். ஆனால் அதற்குள் இடம் முன் வாசலுக்கு மாறியிருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. களைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கண்ணைத் திறந்து, 'சரி' என்றேன்.

நான் திருத்த வந்தது இவ்வளவுதான். ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இப்படிப் பார்க்கிறீர்கள். சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், எழுதுங்கள். அரைகுறையாக ஒரு வாக்குமூலம் இருக்கக்கூடாது.

இடம் மாறியதை நான் அவரிடம் சொல்லவேயில்லை. அவர் வருவதற்குச் சற்று முன்பு பணிமனைச் சங்கச் செயலாளர் எனக்குப் போன் பண்ணியிருந்தார். "தோழர், பின்பக்கச் சந்து ஓரமா நெடுக குழாய் போடுறோம்னு மதியம் ஆளுயரத்துக்குத் தோண்டிட்டாங்க. மேல சும்மா பலகை போட்டு வெச்சிருக்காங்க. நாளைக்கு போலீஸ் காவலோட பஸ்ஸ அந்த வழியாத்தான் எடுக்கப் போறாங்களாம். சந்துல நம்ம ஆளுங்க நின்னா திரும்பி ஓடக்கூட இடமிருக்காது. முன் வாசலுக்கு மாத்திடுங்க." பேசி முடித்த கையோடு அவரைக் கைது செய்து கொண்டுபோய்விட்டார்கள், போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். நான் தலைவரிடம் சொன்னேன். "மாத்திடுங்க தோழர், அவங்ககிட்டயும் சொல்லிடுங்க," என்றார். சொல்லத்தான் இருந்தேன். வாசித்து முடிக்கட்டும், வழக்கப்படி கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன்.

நான் 'சரி' சொன்ன பிறகும் அவர் உடனே எழுந்து போகவில்லை. "பின் வாசல்தானே தோழர்? கடைசி நேரத்துல எதுவும் மாறலையே?" என்று கேட்டார். கெட்டிக்காரர் என்று சொன்னேன் அல்லவா.

"கேட்டுட்டுத்தானே சரின்னு சொன்னேன்," என்றேன்.

அவர் முகம் சிவந்துபோய், மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஊரில் உள்ள தோழர்களின் போன்கள் எல்லாம் கிணுகிணுத்தன.

என் கணக்கு மிகச் சிறியது. கூட்டம் தப்பான வாசலுக்குப் போகும், கொஞ்ச நேரம் அல்லாடும், திரும்பும். பத்திரிகைகள் ஒருநாள் சிரிக்கும். தலைவருக்குப் புத்தி வரும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சந்து, பள்ளம், போலீஸ் எல்லாம் செயலாளர் சொன்னாரே என்று கேட்பீர்கள். சொன்னார். அவர் எப்போதும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்.

என் மனைவியின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். நடத்துநர் வேலை. வாயாடி. பயணிகளோடு சண்டை போட்டுவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் அதை நடித்துக் காட்டுவாள். என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடப்பாள். எந்த ஊர்வலமானாலும் முதல் வரிசையில் நிற்பாள். பின்னால் நின்றால் முதுகுதான் தெரியுது என்பாள். அன்று காலை சீருடை போட்டு, ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் போனுமாக மேசைக்கு வந்தாள்.

"கடைசிப் பேருந்து வீடு சேரும்வரை... அத்தான், படிச்சதும் அழுதுட்டேன். இத அந்தச் சோப்பா எழுதிச்சு? போங்க அத்தான், இது உங்க கைதான். எனக்குத் தெரியாதா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுக்கவில்லை என்றும் எழுதிக்கொள்ளலாம்.

கதவுவரை போனவள் திரும்பினாள். "ஆமா, பின் வாசலா போட்டிருக்கு? நேத்து டூட்டி முடிஞ்சு வரும்போது பார்த்தேன், சந்து பூரா தோண்டிப் போட்டிருக்கானுங்க. நிக்கவே இடமில்ல. முன் வாசலா இருக்கப்போகுது, யாருக்காவது போன் பண்ணிக் கேளுங்களேன்."

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? பத்துப் பேருக்குப் போன் போடுவாள். எங்க அத்தான் சொன்னார் என்பாள். நேற்றே எனக்குத் தெரியும் என்பது வெளியே வந்துவிடும். அதோடு, வெளியே போன அறிக்கையைத் தனியாள் மறுத்துப் பேசக்கூடாது என்பது நம் கட்டுப்பாடு. அதை நானே மீற முடியுமா.

"அறிக்கையில என்ன இருக்கோ அதான்," என்றேன்.

"நீங்க கேட்டு சரி சொன்னதுன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, மிச்ச ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு ஓடினாள். அக்காவிடம் சாயங்காலம் கடையில் என்ன வாங்கி வர வேண்டும் என்று படியிலிருந்தே கத்திக் கேட்டாள். என் மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னாள். அது அவள் காதில் விழவில்லை. எனக்கு இரண்டும் கேட்டது.

நான் முன் வாசலுக்குப் போனேன். தலைவர் ஏழெட்டுப் பேரோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். நான் 'சரி' சொன்ன அறிக்கையை அவர் மறுபடி படித்துப் பார்க்கிற வழக்கமில்லை. "என்ன தோழர், ஆளையே காணோம்?" என்றார். வருவார்கள் என்றேன். பணிமனைக்குப் பின்புறம் முதலில் கோஷம் கேட்டது. பிறகு வண்டிகள் கிளம்பும் சத்தம், பிறகு விசில். அதற்கப்புறம் பலகை முறிகிற சத்தம். எங்கள் கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டது அதற்குப் பின்னால் வந்த அலறல்தான்.

வண்டிக்கு ஒதுங்கிப் பலகையில் ஏறிய முதல் வரிசை அப்படியே பள்ளத்துக்குள் விழுந்திருக்கிறது, அவர்கள் மேல் அடுத்த வரிசை. மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும்போதே உயிரில்லை. அவளுடைய சீட்டுப்பை தோளிலேயே இருந்தது. எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டுப் பெண் அவள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவங்ககிட்ட சொன்னீங்கதானே?" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சொன்னேன். மாத்தாம விட்டுட்டாங்க," என்றேன்.

அவர் அந்த நிமிஷத்தில் அண்ணா என்று கூப்பிட்டு என் தோளில் சாய்ந்து அழுதார். வெகுநாளைக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டார்.

வீட்டில் என் மனைவி தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "யாருங்க அப்படித் தப்பா எழுதினது?" புதிதாக வந்தவர் என்று சொல்கிறேன். அவள் விரல்களை நெட்டி முறித்துச் சபிக்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் சொன்னேன், அவர் மாற்றவில்லை என்றால், வாசித்தபோது நான் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி வரும். நீங்கள் பெருந்தன்மையாக அதற்கு என் வயதைக் காரணமாகப் போட்டுவிட்டீர்கள். கருணையோடு செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் காது போன கிழவன் என்று கட்சி ஆவணத்தில் என் பெயருக்கு நேரே எழுதி, அந்த நாற்காலியில் நேற்று வந்த யாரையோ உட்கார வைப்பீர்கள் என்றால், அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஊடகப் பொறுப்பாளர் இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார். நான் உள்ளே வரும்போது எழுந்து வழிவிட்டார். ஆள் பாதியாகிவிட்டார். அவருடைய அப்பாவும் கூட வந்திருக்கிறார், ஒரு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார், இன்னும் பேசுவதில்லை போல. முதல் விசாரணையில் 'அவர் என்னிடம் சொல்லவே இல்லை' என்று உறுதியாகச் சொன்னவர், போன வாரம் உங்களிடம் என்ன சொன்னார் என்று பக்கம் புரட்டிப் பாருங்கள். 'ஒருவேளை சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. எனக்குத்தான் காதில் விழாமல் போயிருக்கும்.' நான் சொல்லாததைக் கேட்டதாகவே அவர் நம்பத் தொடங்கிவிட்டார். காது என்றால் அப்படி இருக்கக்கூடாது.

அவரை என்ன செய்வது என்பது உங்கள் முடிவு, நான் அதில் தலையிட மாட்டேன். என்னை என்ன செய்வது என்பதும் அப்படியே. போலீசைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள், ஓடிப்போகிற முழங்கால் இல்லை எனக்கு. நான் கேட்பது ஒரே ஒரு திருத்தம். 'கவனிக்கத் தவறிவிட்டார்' என்பதை அடித்துவிட்டு, 'தெளிவாகக் கேட்டார்' என்று போடுங்கள். அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தேட வேண்டிய அவசியம் இல்லை.

எழுதியாயிற்றா? அப்படியென்றால் வழக்கப்படி உரக்க வாசியுங்கள். கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். பிழை ஏதாவது இருந்தால் கடைசியில் சொல்கிறேன்.